எலிக்கரட்டில் ஏழாண்டு அனுபவம்

முனைவர் மங்கையர்க்கரசிக்கு எலிக்கரடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அந்த ஊரில் அவருக்கு ஏழாண்டு அனுபவம் இருந்தது.

இணையத்தில் இருந்த அவருடைய அறிஞர் பக்கம் அப்படித்தான் சொன்னது. மேலே ஒரு புகைப்படம். கையைக் கட்டிக்கொண்டு, எதிர்காலத்தை நோக்குவதுபோல் சற்றே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உண்மையில் பார்த்தது ஸ்டூடியோவில் ஓடாத மின்விசிறியை. அதற்குக் கீழே பட்டங்கள்: கல்வித் தொழில்நுட்ப வல்லுநர், சிறப்புரையாளர், மாற்றத்தின் தூதர், புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் பணம் கட்டி வாங்கிய உலகச் சாதனையாளர் விருது. அதற்கும் கீழே அந்த வரி. ‘எலிக்கரடு மலைக்கிராமத்தில், ஆசிரியர் இல்லாமல் டேப் என்னும் கைக்கணினி வழியாகக் குழந்தைகள் தாமாகவே கற்கும் முறையை ஏழாண்டுகள் வெற்றிகரமாக நடத்திய கள அனுபவம்.’

வரி வந்த கதை ரொம்பச் சின்னது. சில வருடங்களுக்கு முன்பு பல்கலைக்கழகத்துக்குத் தர ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், காய்ந்த தொட்டிகளை எடுத்துவிட்டு வாடகைத் தொட்டிகளை வைத்தார்கள். துறைத்தலைவர் அறை அறையாக எட்டிப் பார்த்து, “சாயங்காலத்துக்குள்ள எல்லாருடைய பக்கமும் நெறஞ்சிருக்கோணும், காலியா இருந்தா நான் பொறுப்பில்லீங்க” என்று மிரட்டிவிட்டுப் போனார். மங்கையர்க்கரசி அடுத்த அறை ஜெபராஜ் சாரின் பக்கத்தைத் திறந்தார், மொத்தத்தையும் எடுத்தார், ஒட்டினார், பெயரை மாற்றினார். மனசாட்சிக்காக ‘மிகவும் வெற்றிகரமாக’ என்பதில் ‘மிகவும்’ என்பதை நீக்கினார்.

ஜெபராஜ் அதைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து எடுத்திருந்தார். அவர் மதுரையிலிருந்து, மதுரைக்காரர் எங்கிருந்தோ. முதலில் எழுதிய புண்ணியவான் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏதோ கருத்தரங்கத்துக்குப் போகிற வழியில், பேருந்து ஜன்னல் வழியாக ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தவராக இருக்கலாம். ஊரோடு ஒத்து வாழ் என்று படித்தவர்கள், வரியோடும் ஒத்து வாழ்ந்தார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. துலாக்கோல் வரும்வரை இல்லை.

துலாக்கோல் ஓர் இயந்திரம். கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம் அல்ல. எங்கேயோ கணினிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, நாட்டில் உள்ள அறிஞர் பக்கங்களையெல்லாம் படிப்பதற்காக ஒரு வாரியம் செய்துவைத்த மூளை. கல்வியில் எது பலன் தரும், எது தராது என்று அதுதான் முடிவு செய்யும். யாரை டீன் ஆக்கலாம் என்பதையும் அதுவே சொல்லும். அமைச்சரிடம் பேசலாம், துணைவேந்தர் காலில் விழலாம், துலாக்கோலுக்குக் கால் கிடையாது. ஆகவே எல்லோரும் தங்கள் பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டார்கள்.

டீன் பதவிக்கான பட்டியலில் மங்கையர்க்கரசியின் பெயர் முதலில் இருந்தது. நேர்காணலுக்காகப் புதுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருந்த நேரத்தில்தான் பூங்கோதையிடமிருந்து அழைப்பு வந்தது.

பூங்கோதை அவருடன் பி.எட். படித்தவர், விடுதியில் ஒரே அறை. இவர் முனைவராகி ஏசி அறைக்குள் போனார். அவர் மலையேறி, ஊசிப்பாறை என்ற ஊரின் ஒற்றை ஆசிரியர் பள்ளியில் அந்த ஒற்றை ஆசிரியர் ஆனார். வாய் அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

“ஏண்டி மங்கை, என்னையத் தூக்கீட்டு டேப் வெக்கப் போறாங்களாமே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“என்னடி சொல்ற?”

“மலை மேல ஒத்த டீச்சர் இருக்கற பள்ளிக்கூடம் பூராவும் வர்ற மாசத்துல இருந்து டேப்தான் பாடம் நடத்துமாம். டீச்சருங்க எல்லாத்தையும் கீழ இறக்கி, ஆபீஸ்ல உக்கார வெச்சு டேப்புக்கு சார்ஜ் போட உடறாங்களாம். எலிக்கரடு முறைன்னு பேரு. ஏழு வருசம் ஜோரா நடந்துச்சுன்னு நானூத்திப் பதினோரு பேரு சாட்சியாம். உன்ற பேரு முன்னாடியே இருக்குது.”

மங்கையர்க்கரசி நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினார்.

“எலிக்கரடு எங்கிருக்குதுன்னு சொல்லு பாக்கலாம்” என்றார் பூங்கோதை.

“மலை... மேல.”

“என்ற பள்ளிக்கூடத்து ஜன்னல்ல பாத்தாத் தெரியும். ஒரு பாறை, பத்துப் பன்னெண்டு குடிசை, அம்பது ஆடு. பள்ளிக்கூடமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் புள்ளைங்க ஓடையத் தாண்டி என்றகிட்டத்தான் வருதுங்க. மழ பேஞ்சு தண்ணி வந்துட்டா அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ‘டீச்சர் டீச்சர்’னு கத்துங்க. நாந்தான் சீலையத் தூக்கிச் செருகீட்டுப் போயி ஒவ்வொண்ணா இடுப்புல வெச்சுத் தூக்கீட்டு வரோணும். உன்ற டேப்பு வந்து தூக்குமாடி?”

மங்கையர்க்கரசி கணினியில் அந்தச் சாட்சிப் பட்டியலைத் திறந்தார். தன் பெயரைப் பார்த்தார். கொஞ்சம் கீழே போனதும் கண்ணை ஒருமுறை கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஏண்டி, இதுல உன்ற பேரும் இருக்குதே.”

எதிர்ப்பக்கத்தில் பூங்கோதை ஓர் ஆட்டை விரட்டிவிட்டு வந்தார்.

“போன வருசம் பயிற்சிக்குப் போனப்ப, பக்கம் ஆரம்பிச்சாத்தான் சான்றிதழ்னுட்டாங்க. உன்றதப் பாத்து அப்படியே ஒட்டிப்போட்டேன்.”

“எலிக்கரடுன்னு இருந்ததப் படிக்கலையா?”

“எவடி அதையெல்லாம் உக்காந்து படிப்பா? நீ படிச்சியா?”

இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டும். விடுதி நாட்களில் என்றால் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்திருப்பார்கள். இப்போது பூங்கோதையின் குரல் உடைந்தது. “புள்ளைங்கள எங்கடி உட்டுட்டுப் போவேன்? ஏதாச்சும் பண்ணு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் சேலத்தில் இருந்த துலாக்கோல் வாரிய அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஹசீனா என்ற பொறியாளர் இருந்தார். துலாக்கோலைப் பழக்கிய குழுவில் ஒருவர். சின்ன வயது, சுறுசுறுப்பு, மேசை முழுக்கத் தேநீர்க் கோப்பைகள்.

“ஒருத்தர் தன்னைப் பத்தித் தானே சொன்னா அது விளம்பரம் மேடம்” என்று ஹசீனா விளக்கினார். “ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத நாலு பேர் அதையே சொன்னா அது சாட்சி. நானூறு பேர் சொன்னா உண்மை. துலாக்கோலோட அடிப்படையே அவ்வளவுதான். எலிக்கரடு அளவுக்கு உறுதியான சாட்சி இந்த நாட்டுல வேற எதுக்குமே இல்ல. சத்துணவுக்குக்கூட இவ்வளவு இல்ல.”

“எல்லாரும் காப்பி அடிச்சிருந்தா?”

ஹசீனா சிரித்துவிட்டார். “அத யோசிக்காம இருப்போமா? ஆராய்ச்சிக் கட்டுரையில காப்பி இருந்தா ஒரு நொடியில புடிச்சிரும். ஆனா மேடம், ஒரு மனுசன் தன்னோட வாழ்க்கையையே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருந்து காப்பி அடிப்பான்னு யாருக்காவது தோணுமா? அதனால அறிஞர் பக்கத்துக்கு அந்தச் சோதனையே வைக்கல.”

மங்கையர்க்கரசி மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அது ஹசீனாவின் தண்ணீர்.

“நான் அடிச்சேங்க” என்றார்.

ஹசீனாவின் சிரிப்பு நின்றது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “மறுப்பு கொடுக்கலாம் மேடம். கொடுத்தா உங்க டீன் பதவி போயிடும். தெரியும்ல?”

“தெரியுமுங்க.”

தெரியும்தான். பதினைந்து வருடமாக எந்தெந்தக் கருத்தரங்கிலோ பொன்னாடையும் பிளாஸ்டிக் கேடயமும் வாங்கிச் சேர்த்துக் கட்டிய கோபுரம் அது. ‘நான் எலிக்கரட்டுக்குப் போனதே இல்லை’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார். அனுப்பியதும் உடம்பு லேசானது. துலாக்கோல் உண்மையைக் கண்டுகொள்ளும், பூங்கோதையின் பள்ளி தப்பிக்கும் என்று நம்பினார்.

துலாக்கோலின் பதில் ஹசீனாவின் திரையிலேயே வந்தது. ‘நானூற்றுப் பத்துப் பேர் நேரில் கண்டதை, அங்கேயே ஏழாண்டு இருந்த ஒருவர் மறுக்கிறார். இவருடைய நினைவாற்றல் கவலை தருகிறது. மருத்துவப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பதவி உயர்வு நிறுத்தப்படுகிறது. எலிக்கரடு முறையில் மாற்றம் இல்லை.’

“ஐயையோ” என்றார் ஹசீனா.

பரிசோதனையில் யானைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். யானை என்று சொன்னார். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் அவர் சொல்லி மற்றவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். டீன் பதவி ஜெபராஜ் சாருக்குப் போனது.

மாலை போட்ட வாசனை போகாத புது அறையில் மங்கையர்க்கரசி அவரைப் போய்ப் பார்த்தார். ஜெபராஜ் கெட்டவர் அல்ல. யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக மொய் எழுதுகிறவர். புகழ் என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் எச்சில் ஊறும்.

“சார், நீங்க அந்த வரிய எடுத்துருங்க. நீங்க எடுத்தா மத்தவங்களும் எடுப்பாங்க. மலையில புள்ளைங்க பாவம் சார்.”

ஜெபராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மேடம், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. என்ற பக்கத்துல பொய்ய எல்லாம் எடுத்துட்டா பேரும் போட்டோவும்தான் மிஞ்சும். போட்டோவும் முடி கொட்டறதுக்கு முன்னால எடுத்ததுங்க.” பிறகு பெருமூச்சு விட்டுக் கணினியை அவர் பக்கம் திருப்பினார். “என்ற கவலையே வேற. கோயம்புத்தூர் தண்டபாணி என்ன பண்ணியிருக்கான் பாருங்க. ‘உலகிலேயே முதன்முதலில்’னு ஒரு வார்த்தையப் போட்டுட்டான். எதை முதன்முதலில்னுகூட எழுதல. துலாக்கோல் கணக்குல மேல ஏறிட்டே போறான். எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குது.”

மங்கையர்க்கரசி அந்தத் திரையையே பார்த்தார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. துலாக்கோல் ஆளை மருத்துவரிடம் அனுப்பியது. இந்த நாட்டில் அது நம்புவது ஒன்றைத்தான், நானூறு பேர் சொல்கிற ஒரே வரியை. அதை எப்படி உண்டாக்குவது என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோரையும்விட அவருக்குத்தான் இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

“சார், உங்களுக்கும் ஒரு ‘முதன்முதலில்’ இருக்குதுங்களே” என்றார்.

“எனக்கா?”

“எழுதிக்குங்க. ‘எலிக்கரடு முறை குழந்தைகளுக்கு விளைவிக்கும் நீண்டகாலத் தீங்குகளை உலகிலேயே முதன்முதலில் கண்டறிந்தவர்.’”

ஜெபராஜ் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தார். “நானா கண்டுபுடிச்சேன்?”

“ஏழு வருசம் அங்கயே கெடந்தீங்களே சார். நீங்க கண்டுபுடிக்காம வேற யாரு கண்டுபுடிப்பாங்க?”

ஜெபராஜ் யோசித்தார். எதிலும் நியாயம் பார்க்கிற மனிதர். யோசித்தபோது அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. தன்னடக்கத்தோடு பொத்தானை அழுத்தினார்.

டீன் பக்கத்தில் புது வரி வந்தால் துறை சும்மா இருக்குமா? அன்று மாலையே உதவிப் பேராசிரியர்கள் உலகிலேயே முதன்முதலில் கண்டறிந்தார்கள். மறுநாள் கோயம்புத்தூர் கண்டறிந்தது. வார இறுதிக்குள் மதுரையும் நெல்லையும் கண்டறிந்துவிட்டன. உலகிலேயே முதல் ஆள் நானூறு பேர் ஆனார்கள். ஒருவர் பக்கத்திலாவது ‘இரண்டாவதாக’ என்று இல்லை. பூங்கோதையும் அழைத்து, “நானும் ஒட்டிப்போட்டேண்டி. இந்தத் தடவ படிச்சுட்டுத்தான்” என்றார்.

வெற்றியையும் தீங்கையும் ஒரே ஆட்கள் சொல்கிறார்களே என்று துலாக்கோல் தடுமாறவில்லை. ஏழாண்டு வெற்றியாக நடத்தியவர்கள்தான் பிறகு தீங்கைக் கண்டிருக்கிறார்கள். நேர்மையானவர்கள் என்று மதிப்பைக் கூட்டிக்கொண்டது. எலிக்கரடு முறை ரத்தானது. டேப் பெட்டிகள் பாதி மலையிலிருந்து திரும்பி இறங்கின. பூங்கோதை சுண்ணக்கட்டியோடு கரும்பலகை முன்னால் நின்றபடியே ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் மங்கையர்க்கரசிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் தான் எதைச் சாதித்தோம் என்று நினைத்தபோது கூச்சமாகவும் இருந்தது. ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். ஒரு வாரம் கழித்து ஹசீனா அழைத்தார்.

“மேடம், இது நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு எனக்கே புரியல. ஏழு வருஷம் தீங்கு அனுபவிச்ச ஊருக்கு ஈடு செய்யணும்னு துலாக்கோல் உத்தரவு போட்டிருச்சு. எலிக்கரட்டுக்குப் பள்ளிக்கூடம். கட்டடம், சத்துணவு, ரெண்டு ஆசிரியர். முதல் ஆசிரியர் நீங்க.”

“எனக்குத்தான் நெனவு தப்பிப்போச்சுன்னு சொல்லுச்சே!”

“அதனாலதான் மேடம். மத்த நானூறு பேரும் அந்தக் குழந்தைங்க பட்ட கஷ்டத்தைச் சாதனை மாதிரி எழுதி வச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் மனசு உடைஞ்சு அந்த ஊரையே மறந்துட்டீங்களாம். குழந்தைங்க மேல இவ்வளவு பாசம் வச்ச ஆள் வேற யாரும் இல்லன்னு கணக்குப் போட்டிருக்கு.” ஹசீனா கொஞ்சம் தயங்கினார். “வேண்டாம்னு சொல்லலாம் மேடம். உங்க விருப்பம்.”

குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று மங்கையர்க்கரசி நாற்பது கட்டுரை எழுதியிருந்தார். ஒரு குழந்தைக்கு எதிரே நின்று பாடம் நடத்தியது பி.எட். பயிற்சியில்தான், அதுவும் பூங்கோதை ஜன்னலுக்கு வெளியே நின்று சாடை காட்டினார் என்பதால் தப்பித்தது. அதை நினைத்ததும் முகம் சுட்டது.

“வர்றேன்னு சொல்லீருங்க” என்றார்.

கட்டடம் கட்டி முடிகிறவரை பாறையடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். எதிரே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் பூங்கோதையின் பள்ளி ஜன்னல். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். மங்கையர்க்கரசி தொண்டையைச் செருமிக்கொண்டு, “கற்றல் என்பது...” என்று தொடங்கினார். ஓர் ஆடு உள்ளே வந்து வருகைப் பதிவேட்டின் மேலட்டையைத் தின்றது. பிள்ளைகள் ஆட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அதில் சுவாரஸ்யம் அதிகம். ஓடைக்கு அப்பாலிருந்து, “சத்தமாச் சொல்லுடி, இங்க கேக்கல!” என்று ஒரு குரல் வந்தது.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு ஆட்டின் பெயர் என்ன என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அதை எழுதச் சொன்னார், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் காட்டினார். மத்தியானம்வரை ஆடுகளின் பெயர்களிலேயே ஓடிவிட்டது.

முன்வரிசையில் இருந்த செவந்தி என்ற சிறுமி அவரையே ரொம்ப நேரமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். “டீச்சர், நீங்க எத்தன வருசமா டீச்சரு?”

“இன்னைக்குத்தான் கண்ணு ஆரம்பிச்சேன்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மங்கையர்க்கரசியும் சிரித்தார். நெஞ்சிலிருந்து பாரம் ஒன்று இறங்கிப் போனதுபோல் இருந்தது.

“ரெண்டு டீச்சரு வருவாங்கன்னு எங்கப்பா சொன்னாரு. இன்னொருத்தரு எங்க?” என்றாள் செவந்தி.

இன்னொருத்தர் வரவில்லை. மலைக்கு மேலே என்றதும் கேட்ட எல்லோருக்கும் முழங்கால் வலி வந்திருந்தது. பூங்கோதையின் பள்ளிக்கும் இன்னும் ஒரே டீச்சர்தான். சுற்றியிருந்த மலைகளில் பாதிப் பள்ளிகள் அப்படித்தான் இருந்தன.

சாயங்காலம் அவர் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறினார். நியமனத்துக்குப் பிறகு அவருடைய பக்கம் எங்கேயோ மேலே போயிருந்தது. டீன் முதற்கொண்டு எல்லோரும் தினமும் வந்து எட்டிப் பார்ப்பதாக அதுவே காட்டியது. மங்கையர்க்கரசி ஏழாண்டு அனுபவத்தை அழித்தார். பதிலுக்கு ஒரு வரி எழுதினார். ‘மலைக்கிராமங்களில் தங்கியிருந்து குழந்தைகளுக்கு நேரில் கற்பிக்க, உலகிலேயே முதன்முதலில் மனமுவந்து முன்வந்தவர்.’ எழுதிவிட்டு இறங்கிப் போய்ச் சோறாக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை வகுப்பு நடுவில் செவந்தி வாசலைக் காட்டினாள். கரட்டுப் பாதையில் ஜெபராஜ் சார், சக்கரம் வைத்த பெட்டியைத் தலைமேல் சுமந்துகொண்டு, நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபடி ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் துலாக்கோலின் நியமன உத்தரவு படபடத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பூங்கோதையின் பள்ளி வாசலில் கோயம்புத்தூர் தண்டபாணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கீழே சாலையில் பேருந்து ஒன்று நின்று, அதிலிருந்து உலகிலேயே முதன்முதலில் முன்வந்தவர்கள் வரிசையாக இறங்கினார்கள்.

மங்கையர்க்கரசி சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்க சார்” என்றார். “ஒண்ணாம் வகுப்பு உங்களுக்குத்தான்.”